ஓடு துறந்த நத்தையும் ஒரு வைத்தியரும்

திருகோணமலைக் கடற்கரையில் மாலைப் பொழுதிற் காலாற நடப்போர் பலர். கோணேசர் மலையின் அடியில் அலை மோதக் கண்டு கைகூப்பி நிற்போரும், டச்சுக்குடாவின் மணலிற் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்திருப்போரும் எந்நாளும் உளர். ஆயினும் கடல் வற்றிய வேளையிற் பாறை இடுக்குகளில் தேங்கி நிற்கும் நீரைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலரே.

அண்மையில் மாணவர் சிலருடன் நாம் அவ்வாறு குனிந்து நோக்கினோம். ஒரு மாணவன் விரலளவு நீளமுள்ள உயிர் ஒன்றைச் சுட்டிக் காட்டினான். பால் போன்ற வெண்மேனி. அதன்மீது வட்டம் வட்டமாகக் கருநிறப் புள்ளிகள். முதுகின் பின்புறத்திலே சிறு பூ ஒன்று விரிந்தாற்போன்ற ஓர் உறுப்பு. நீரில் நிழல் விழுந்ததும் அந்தப் பூ குவிந்து உள்ளே மறைந்தது.

"ஐயா, இது என்ன?" என்றான் மாணவன்.

நாம் வாய் திறக்குமுன், அருகில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் விடை கூறினார்: "விடு தம்பி, அது ஒண்டுக்கும் உதவாது. மீன்கூட அதிலே வாய் வைக்காது."

அம்முதியவரின் சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இறுதியில் அதற்கு மீண்டும் வருவோம். இப்போது அந்த மாணவனின் வினாவுக்கு விடை காண்போம்.

அவன் கண்டது ஒரு நத்தை. ஓடில்லாத கடல் நத்தை. 1859ஆம் ஆண்டு அதற்கு விஞ்ஞான உலகிற் பெயர் வழங்கியவர், இந்தத் திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்து தொழில் புரிந்த ஒரு வைத்தியர். வெண்மையிற் கருமை தோய்ந்த அதன் கோலம் அவருக்குத் துக்க உடையை நினைவூட்டியது போலும். இலத்தீன் மொழியில் துக்கத்தைக் குறிக்கும் 'பியூனெப்ரிஸ்' என்னும் சொல்லையே அதற்குச் சூட்டினார். 'ஜொருன்னா பியூனெப்ரிஸ்' என்பது இன்று அதன் முழுப்பெயர். வைத்தியரின் பெயர் எட்வேட் பிரெடெரிக் கெலாட்.

யார் இந்தக் கெலாட்?

கெலாட் பிற நாட்டினின்று வந்து போன பயணி அல்லர். 1819ஆம் ஆண்டு இந்த இலங்கையிலேயே, பறங்கியர் சமூகத்திற் பிறந்தவர். இளமையிலேயே வைத்தியத் துறையிற் புகுந்து, ஸ்கொத்லாந்து தேசத்து எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் கற்று, 1841இல் வைத்தியப் பட்டம் பெற்றார். படை வைத்தியராகச் சிலகாலம் ஜிப்ரால்ற்றரிற் பணிபுரிந்தபோது, அங்குள்ள செடி கொடிகளை ஆராய்ந்து 1846இல் ஒரு நூலும் வெளியிட்டார். போகுமிடமெல்லாம் அங்குள்ள உயிர்களைக் கணக்கெடுப்பது அவருக்கு இயல்பாய் அமைந்த குணம் என்பது இதனாற் புலப்படும்.

மீண்டும் தாய்நாட்டுக்கு வந்தபோது நுவரெலியாவின் குளிர் மலைகளில் அவருக்குப் பணி கிடைத்தது. நோயாளரைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் காட்டிலும் புல்வெளியிலும் கழிந்தது. மூஞ்சூறு, மந்தி, பறவை, தவளை என்று கண்ணிற் பட்டவற்றை எல்லாம் அளந்தார், விரித்தெழுதினார். 1852ஆம் ஆண்டு கொழும்பில் வெளிவந்த 'புரோட்ரோமஸ் போனே செயிலானிகே' என்னும் நூல் அந்த உழைப்பின் பயன். 'இலங்கை விலங்குகள்: ஒரு முன்னோடி நூல்' என அதன் தலைப்பை நாம் தமிழிற் கூறலாம். இலங்கையின் விலங்குகளை முறைப்பட வகுத்துரைக்க முயன்ற முதல் நூல்களுள் அஃது ஒன்று. திருகோணமலையிற் கிடைத்த ஒரு சிறு வௌவாலும் அந்நூலில் இடம்பெற்றுள்ளது. இன்றும் அவ்வௌவால் இனத்தைக் கெலாட்டின் பெயராலேயே ஆங்கில நூல்கள் வழங்குகின்றன.

மந்தி எழுப்பிய வினா

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தற்குரிய ஒரு செய்தி உண்டு. இலங்கைக்கே உரிய ஊதாமுக மந்தியை நேயர்களுட் பலர் கண்டிருப்பர். மேற்குத் தாழ்நிலத்தில் வாழும் மந்திக்கும், மலைநாட்டின் குளிரில் வாழும் மந்திக்கும் தோற்றத்தில் வேறுபாடு உண்டு. மலைநாட்டு மந்தியின் மயிர் நீண்டு அடர்ந்திருக்கும். 1850ஆம் ஆண்டு கெலாட் அதனைத் தனியே பிரித்து, 'மலைவாசி' என்று பொருள்படும் பெயரை இட்டார். அடுத்த ஆண்டு, கல்கத்தா ஆசியச் சங்கத்தின் அரும்பொருட்சாலைக் காப்பாளராயிருந்த எட்வேட் பிளைத், மலைநாட்டு மந்திக்குக் கரடியை நினைவூட்டும் மற்றொரு பெயரை வைத்தார். இக்கால அறிஞரோ தாழ்நிலத்து மந்தியும் மலைநாட்டு மந்தியும் ஓரினத்தின் கிளைகளே என்பர்.

தனியினமா, ஓரினத்தின் கிளையா? பெயர் வைப்பதிற் பிறந்த சிறு பூசல் போலத் தோன்றும் இந்த வினாவின் ஆழம் பெரிது. ஒவ்வோர் இனமும் ஆதியிற் படைக்கப்பட்டவாறே மாறாது நிற்கின்றது என்பதே அக்காலத்து அறிஞர் பலரின் துணிபு. அவ்வாறாயின் இனத்துக்கும் கிளைக்கும் இடையே தெளிவான எல்லைக்கோடு இருத்தல் வேண்டும். ஆனால் கெலாட்டைப் போன்றோர் மலைதோறும் தீவுதோறும் சென்று உயிர்களைத் திரட்டத் திரட்ட, அந்தக் கோடு மங்கலாகிக்கொண்டே போயிற்று. சாள்ஸ் டார்வின் தமது பெருநூலில் இந்த மங்கலான இடத்தையே பற்றிக்கொண்டார். எல்லை தெளிவாயில்லை என்றால், கிளைகளே காலப்போக்கில் இனங்களாக வளர்கின்றன என்று கொள்வது பொருந்தும் அன்றோ என்று அவர் வாதித்தார். இதுவே நம் பாடநூல்கள் 'கூர்ப்பு' என்று கூறும் கொள்கையின் நுழைவாயில்.

கெலாட் தாம் திரட்டிய விலங்குகளைப் பிளைத்துக்கு அனுப்பி அவருடைய கருத்தைக் கேட்பது வழக்கம். அதே பிளைத் 1855ஆம் ஆண்டு முதலாக டார்வினுக்கு நீண்ட மடல்கள் எழுதி, கிழக்கு நாடுகளின் விலங்குகளைப் பற்றிய செய்திகளை வாரி வழங்கினார். தாம் மிகவும் மதிக்கும் கருத்துடையவர் என்று டார்வின் தமது நூலிலேயே பிளைத்தைப் பாராட்டியுள்ளார். கெலாட்டின் ஒவ்வொரு குறிப்பும் டார்வினிடம் போய்ச் சேர்ந்தது என்று நாம் கூறவில்லை. ஆயின் உலகை மாற்றிய ஒரு கொள்கைக்கு மண்ணும் கல்லும் சுமந்தவர்களின் நீண்ட வரிசையில், இலங்கையிற் பிறந்த இவ்வைத்தியரும் நின்றார் என்பதில் ஐயமில்லை.

முத்துச் சிப்பியின் கணக்கு

மலையினின்று இனிக் கடலுக்கு வருவோம். கெலாட்டைத் திருகோணமலைக் கடலின் ஆராய்ச்சியில் முழுமையாக ஈடுபடச் செய்தது, அரசாங்கத்தின் ஒரு கவலை. மன்னார்க் கடலின் முத்துப்பார்களில் 1837ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த குளிப்பு, அதன்பின் 1854 வரை நிகழவேயில்லை. பாரிலே சிப்பி இருந்ததுபோல் இருந்து, திடீரென மறைந்துவிடும். திறைசேரிக்குப் பெரும் பொருள் தந்த சிப்பி எங்கே போகின்றது, ஏன் போகின்றது என்று அறிய விரும்பிய அரசாங்கம் அப்பணியைக் கெலாட்டிடம் ஒப்படைத்தது. அவருடைய முதலாவது அறிக்கை 1857ஆம் ஆண்டு வெளிவந்தது.

உயிருள்ள சிப்பிகளைக் கடல் நீரில் வைத்துத் திருகோணமலையில் அவர் நாள்தோறும் நோக்கினார். சிப்பி தன் உடலிற் சுரக்கும் உறுதியான நூல்களாற் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும். ஒரு முறை பற்றிய இடத்திலேயே ஆயுள் முழுவதும் கிடக்கும் என்பதே பொதுவான எண்ணம். ஆனால் கெலாட் கண்டது வேறு. இடம் பிடிக்காவிட்டாற் சிப்பி தன் நூலைத் தானே அறுத்துக்கொண்டு நகர்கின்றது. நல்ல இடம் கண்டதும் புது நூல் சுரந்து மறுபடி பற்றிக்கொள்கின்றது! ஊமைக் கல்லாக நாம் எண்ணியிருந்த சிப்பிக்கும் ஓரளவு இடம்பெயரும் ஆற்றல் உண்டு என்பதை அவர் கண்ணாரக் கண்டு எழுதினார். இலங்கையைப் பற்றிப் பெருநூல் எழுதிய எமேர்சன் டெனன்ற் இக்கண்டுபிடிப்பின் அருமையை எடுத்துப் பாராட்டியுள்ளார்.

முத்து எவ்வாறு விளைகின்றது? சுவாதி நாளில் வீழும் மழைத்துளி சிப்பியின் வாயிற் பட்டு முத்தாகும் என்பது நம் முன்னோர் வழக்கு. சிப்பியின் உடலில் வாழும் நுண்ணிய புழுக்களை நோக்கிய கெலாட், முத்தின் பிறப்புக்கு அவையும் காரணமாகலாம் என்று கருதினார். சுவிஸ் நாட்டு விலங்கியலாளர் அம்பேர் என்பவரும் அவருடைய கருத்தோடு ஒத்துநின்றார். முத்துச் சுரக்கும் மேலுறையின் கலங்கள் உடலினுள்ளே இடம் மாறிப் புகுந்து, ஒரு சிறு பையாகி, அதனுள் முத்துப் படலம் படலமாகப் படிகின்றது என்பது இக்கால விளக்கம். அவ்வாறு கலங்கள் இடம் மாறுதற்குரிய காரணங்களுள் ஒட்டுண்ணியும் ஒன்று.

முதிர்ந்த சிப்பி ஒன்றின் முட்டைகளையும் அவர் மதிப்பிட்டார். ஒரு கோடிக்கும் மேல் என்பது அவர் கண்ட கணக்கு. ஒரு சிப்பிக்கு ஒரு கோடி பிள்ளை என்றால், மன்னார்க் கடல் இரண்டு தலைமுறையிலே தூர்ந்துவிட வேண்டும். தூரவில்லையே! அத்தனை கோடியும் எங்கே போயின?

இதே வினாவை இங்கிலாந்தில் இருந்துகொண்டு டார்வின் வேறொரு விலங்கை வைத்து எழுப்பினார். விலங்குகளுள் மிக மெதுவாகப் பெருகுவது யானை என்பது அவர் காலத்துக் கருத்து. அந்த யானையிலும் ஒரு சோடி தடையின்றிப் பெருகுமாயின், 740 அல்லது 750 ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் யானைகள் உயிருடன் இருக்கும் என்று அவர் தமது நூலின் பிற்பதிப்பிற் கணக்கிட்டுக் காட்டினார். பிறப்பன பல, பிழைப்பன சில. பிழைப்பவை எவை? சூழலுக்குச் சிறிதேனும் கூடுதலாகப் பொருந்தியவை. அவை தம் பொருத்தத்தைத் தம் சந்ததிக்கு வழங்குகின்றன. இந்தச் சல்லடைக்கு அவர் இட்ட பெயரே 'இயற்கைத் தேர்வு'. யானை உலவும் கந்தளாய்க் காட்டுக்கும் சிப்பி கிடக்கும் கடலுக்கும் விதி ஒன்றேயாம்.

பூச்சூடிய நத்தைகள்

முத்து, அரசாங்கம் இட்ட பணி. கடல் நத்தையோ, கெலாட் தாமே விரும்பிக் கொண்ட காதல். கடலினின்று எடுத்த சிறிது நேரத்தில் நிறம் மங்கி உருக்குலையும் இவற்றை உயிரோடிருக்கும்போதே வரைந்துவிட வேண்டும். வண்ணப் படங்களாகவும் விரிவுரைகளாகவும் அவற்றை அவர் பதிந்துவைத்தார். றோயல் ஆசியச் சங்கத்து இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் 1858ஆம் ஆண்டு அவருடைய கட்டுரை வெளிவந்தது.

நம் பாடநூல்கள் மீனின் மூச்சுறுப்பைப் 'பூ' என்று கூறும். இந்த நத்தைகளைக் கண்டபின்புதான் அச்சொல்லின் பொருத்தம் நமக்கு விளங்கிற்று. இவற்றின் மூச்சுறுப்பு உடலுக்கு வெளியே உண்மையிலேயே பூவாக மலர்ந்து நிற்கின்றது. இத்தகைய உயிர்களை வகுத்து நோக்குவது தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியத்து மரபியல், உயிர்களை அறிவின் அளவால் ஒன்று முதல் ஆறு வரை அடுக்கி, நத்தையையும் சிப்பியையும் ஈரறிவுயிரின் வரிசையில் ஒன்றாகவே வைத்துள்ளது. விஞ்ஞானமும் இன்று அவ்விரண்டையும் மெல்லுடலிகள் என்னும் ஒரே குடும்பத்திற் சேர்த்துள்ளமை கண்டு மகிழ்தற்குரியது.

நத்தை என்றால் ஓடு எங்கே? இதற்கு விடை அதன் குழந்தைப் பருவத்தில் உண்டு. முட்டையினின்று வெளிவந்து நீரில் மிதக்கும் பருவத்தில் இதற்குச் சுருண்ட சிறு ஓடு இருக்கின்றது; வளருங்காலத்தில் அதை உதறிவிடுகின்றது. வளர்ந்தபின் பயன்படாத ஓட்டை ஒவ்வொரு குழந்தையும் ஏன் அணிந்து வர வேண்டும்? இதன் மூதாதையர் ஓடுடைய நத்தைகளாய் இருந்தனர் என்பதே பொருந்திய விடை. பழைய வீட்டை விற்றபின்னும் சாவியைப் பேணி வைத்திருக்கும் குடும்பத்தைப் போல, இந்த உயிர் தன் வரலாற்றைத் தன் உடலிலேயே பேணி வைத்துள்ளது.

கெலாட்டின் நத்தைக் கட்டுரை வெளிவந்த அதே 1858ஆம் ஆண்டு, தெர்னாத்தே என்னும் கீழைத் தீவினின்று அல்பிரட் இரசல் வொலஸ் எழுதிய ஒரு கட்டுரை டார்வினைச் சென்றடைந்தது. சிங்கப்பூர்த் தபாற் கப்பல்கள் அக்காலத்தில் நமது காலித் துறைமுகத்தைத் தொட்டே சென்றன. இருவரும் தனித்தனியே ஒரே கொள்கையைக் கண்டிருந்தமையால், அவ்வாண்டு யூலை 1ஆம் நாள் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் ஒருங்கே வாசிக்கப்பட்டன. 1859 நவம்பரில் டார்வினின் 'இனங்களின் தோற்றம்' வெளிவந்தது.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலில், கடற் பயணத்திலேயே கெலாட் உயிர் நீத்தார். வயது 40. கடலை ஆராய்ந்தவருக்குக் கடலிலேயே முடிவு வந்தது.

எஞ்சி நின்றவை

அவருடைய வேலையிற் குறை இல்லையா? உண்டு. முன்பே பெயர் பெற்றவை சிலவற்றுக்கு அவர் மறுபடியும் பெயர் இட்டார். சில விரிவுரைகள் மிகச் சுருங்கியிருந்தமையால், அவர் குறித்தது எந்த உயிரை என்று பின்வந்தோர் திகைத்தனர். இனங்கள் மாறி வளர்கின்றன என்று அவர் கொள்கை நிறுவியவரும் அல்லர். அவர் செய்தது ஒன்றே: கண்டதைக் கண்டபடி பதிந்தார். அந்தப் படங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து அரும்பொருட்சாலையிற் பேணப்பட்டிருந்தன. சேர் சாள்ஸ் எலியற் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, 1906இற் கெலாட்டின் நத்தைகளைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். 1921இல் 'இந்து சமயமும் பௌத்தமும்' என்னும் மூன்று பாகப் பெருநூலைத் தந்த எலியற்றும் இவரே! நத்தையின் உறுப்பை ஆராய்ந்த கண்ணே நம் ஆகமங்களையும் ஆராய்ந்தது என்பதை, விஞ்ஞானத்தையும் சமயத்தையும் எதிரெதிரே நிறுத்தும் நம் இளைஞர் கவனித்தல் நன்று.

இனி வலை பொத்திய முதியவரின் சொல்லுக்கு மீள்வோம். மீன் ஏன் அந்த நத்தையில் வாய் வைப்பதில்லை? அந்நத்தை உண்பது நீலநிறக் கடற்பஞ்சு. அப்பஞ்சிலுள்ள நச்சுப் பொருளை அது தன் உடலிற் சேர்த்து வைக்கின்றது. ஓட்டைத் துறந்த உயிர் நஞ்சைக் கவசமாகக் கொண்டது. 'என்னை உண்ணாதே' என்று பறையறைவதே அதன் கருப்பும் வெள்ளையும். சில கம்பளிப்புழுக்களின் பகட்டு நிறத்துக்கு இத்தகைய விளக்கத்தை 1867இல் முதலில் தந்தவர் அதே வொலஸ். அதுமட்டுமன்று. 2000ஆம் ஆண்டு இந்த நத்தையினின்று 'ஜொருமைசின்' என்னும் பொருளைப் பிரித்தெடுத்த விஞ்ஞானிகள், புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் ஆற்றல் அதற்கு இருப்பதைக் கண்டனர். ஒன்றுக்கும் உதவாது என்று தள்ளியதன் உடலில் மருந்துக்கு வித்து இருந்தது.

முதியவரை நாம் குறை கூறவில்லை. மீன் வாய் வைக்காது என்னும் உண்மையை நூல் எதுவும் படியாமல், கடலையே படித்து அவர் அறிந்திருந்தார். குறை எங்கே உள்ளது என்றால், அவர் அறிந்ததை ஏன் என்று வினவி எழுதி வைப்பார் நம்மிடையே இல்லாமையில் உள்ளது. கெலாட்டுக்கும் உயிர்களைக் கொணர்ந்து கொடுத்த மீனவர் இருந்திருப்பர். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. பெயரிடும் கையும் அறியும் கண்ணும் வேறுவேறாய் இருந்த காலம் அது. இன்று அவ்வாறு இருத்தற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963இற் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த பவளப்பார்களைக் காணப் பல தேசத்தார் வருகின்றனர். கடல் நீர் வெப்பமாகிப் பவளம் வெளிறும் இக்காலத்தில், அங்கே நேற்று இருந்தது நாளை இருக்கும் என்று கூறுதற்கில்லை. இருந்ததை அறியாதவர்க்கு இழந்ததும் தெரியாது. ஆகவே பெற்றோர்க்கு ஒன்று சொல்லுவோம்: கடற்கரையிற் குனிந்து நிற்கும் பிள்ளையின் கையைப் பற்றி இழுக்காதீர்கள். மாணவர்க்கும் ஒன்று: கண்ட உயிரைப் பிடுங்கி வராதீர்கள், ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுபோய் அதனை வரைந்து, நாளும் இடமும் குறித்து வாருங்கள்.

நம்மோடு வந்த மாணவன் மறுநாள் தன் கொப்பியைக் கொணர்ந்து காட்டினான். வெள்ளை மேனி, கருவட்டங்கள், முதுகிற் பூ. படத்தின் கீழே திகதி எழுதியிருந்தான். அதற்கும் கீழே, 'மீன் இதைத் தின்னாது: வலை பொத்திய ஐயா சொன்னவர்' என்று எழுதியிருந்தான். நாம் அதில் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை.